டைட்டானியம் சாஃப்ட்டெயில் மலை சைக்கிளை அளவு கொடுத்துச் செய்து வாங்குவது எப்படி? கொலராடோவிலிருந்து ஒரு வழிகாட்டி

முன்பணம் கட்டிய நாளிலிருந்து முதல் முறை ஏறி மிதித்த நாள் வரை எனக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. எட்டு மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை இது. மீதி மூன்று மாதங்களும் அறுநூறு டாலரும் வீண். நவம்பரில் பணம் கட்டினேன், வண்டி அக்டோபரில் வந்தது. ஒரு கோடைக்காலம் முழுவதும் மலைப்பக்கம் போகாமலே கழிந்தது. அடுத்து வருகிறவருக்கு அந்தக் கோடை மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் டென்வர் நகருக்கு மேற்கே குடியிருக்கிறேன். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 72 கிலோ. கீழே வரும் டாலர் கணக்குகள் நான் கொடுத்தவை. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

1. இது உங்களுக்கான வண்டிதானா?

ஹார்ட்டெயில் வண்டியில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையாது. முழு சஸ்பென்ஷன் வண்டியில் நூறு மில்லிமீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். அதற்காகக் கீல்களும் பேரிங்குகளும் இருக்கும். சாஃப்ட்டெயிலில் கீலே கிடையாது. பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு செயின்ஸ்டே குழாய்களே மூங்கில் போல வளைந்து கொடுக்கின்றன. பின்சக்கர அச்சிலிருந்து மேலேறும் சீட்ஸ்டே குழாய்கள் சீட் குழாயைச் சந்திக்கும் இடத்தில், கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சிறு ஷாக் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், சில வகைகளில் ரப்பர் போன்ற பொருள். கிடைக்கும் அசைவு 25 முதல் 32 மி.மீ. வரைதான்.

அந்த ஓரங்குலம் எதற்கு என்று கேட்பீர்கள். டென்வருக்குத் தென்மேற்கே உள்ள பஃபலோ கிரீக் பாதைகளில் கிரானைட் உதிர்ந்த பருமணலும் பைன் மரவேர்களும் மாறி மாறி வரும். அங்கே நான்கு மணி நேரம் மிதித்துவிட்டு இறங்கும்போது இடுப்பு எப்படி இருக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. வேரின் மேல் ஏறும்போது ஹார்ட்டெயில் உங்களைச் சீட்டிலிருந்து தூக்கிப் போடும். சாஃப்ட்டெயிலில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். ஏற்றத்தில் சக்தி வீணாவதும் மிகக் குறைவு.

ஆனால் மேடையிலிருந்து குதிப்பது, மலை லிஃப்டில் ஏறிப் பாறைச் சரிவில் இறங்குவது ஆகியவைதான் உங்கள் ஆசை என்றால் இதை வாங்காதீர்கள். அதே பணத்தில் நல்ல முழு சஸ்பென்ஷன் வண்டி கிடைக்கும். வாங்கிய பிறகு விற்றுக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். ஒருவர் அளவுக்குச் செய்த ஃபிரேம் இன்னொருவருக்குப் பொருந்துவது அரிது. போட்டதில் பாதி திரும்பினாலே பெரிது.

முடிவெடுக்கும் முன் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸில் உள்ள மூட்ஸ் நிறுவனம் ஒய்பிபி என்ற பெயரில் இந்த வகை ஃபிரேம்களைப் பல ஆண்டுகளாகச் செய்திருக்கிறது. கொலராடோவில் பழைய ஒய்பிபி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பாதை முனையில் நின்று மரியாதையாகக் கேட்டால் பத்து நிமிடம் ஓட்டக் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தார் ஒருவர். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் முடிவெடுத்தேன்.

2. செய்பவரைத் தேர்ந்தெடுப்பது

டைட்டானியம் ஃபிரேம் செய்பவர்கள் பலர் உண்டு. சாஃப்ட்டெயிலைத் தொடர்ந்து செய்து பழகியவர்கள் சிலரே. "செய்து தருகிறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இதுவரை எத்தனை சாஃப்ட்டெயில் செய்திருக்கிறீர்கள்? ஷாக் உங்களுடையதா, வெளியே வாங்குவதா? பத்து ஆண்டுகள் கழித்து அதன் ஸ்பிரிங்கும் சீலும் கிடைக்குமா? செயின்ஸ்டே விரிசல் விட்டால் உத்தரவாதம் அதற்கும் உண்டா, அல்லது முன்பாதி ஃபிரேமுக்கு மட்டுமா?

கடைசிக் கேள்வியை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இந்த வண்டியில் ஒவ்வொரு மேட்டிலும் வளைவது செயின்ஸ்டேதான். சில உத்தரவாதத் தாள்களில் அசையும் பகுதிக்குத் தனிக் காலவரை போட்டிருப்பார்கள்.

உலோகத்தைப் பற்றியும் கேளுங்கள். குழாய்களுக்கு 3 விழுக்காடு அலுமினியமும் 2.5 விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியம் வழக்கம். சக்கரம் பொருந்தும் டிராப்அவுட் போன்ற கட்டிப் பகுதிகளுக்கு 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த, இன்னும் வலுவான வகை. வேறு பதில் வந்தால் காரணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்தால் பட்டறைக்கு நேரில் போங்கள். டென்வரிலிருந்து ஃபோர்ட் காலின்ஸ் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் மூன்று மணி நேரத்துக்கு மேல். இரண்டு ஊர்களிலும் டைட்டானியம் பற்றவைக்கும் கைகள் இருக்கின்றன.

3. உடல் அளவு

உயரமும் எடையும் மட்டும் போதாது. கால் உள்நீளம், கை நீளம், தோள் அகலம், உடற்பகுதி நீளம், பாத அளவு எல்லாம் படிவத்தில் கேட்பார்கள். கால் உள்நீளத்தை பேன்ட் அளவிலிருந்து எழுதிவிடாதீர்கள். சுவரோடு முதுகு ஒட்டி, வெறுங்காலில் நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே சீட்டில் உட்காருவது போல அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். என் பேன்ட் அளவு 29 அங்குலம் என்று சொன்னது. புத்தகம் 76 செ.மீ. என்று காட்டியது. அதாவது முப்பது அங்குலத்தைத் தொட்டுவிட்டது. அந்த இடைவெளியில் சீட்டின் உயரமே மாறிவிடும்.

எடையை உள்ளபடி சொல்லுங்கள். முதுகுப்பை, தண்ணீர், தலைக்கவசம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். செயின்ஸ்டே குழாயின் பருமனையும் ஷாக்கின் ஸ்பிரிங்கையும் அந்த எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கூச்சத்தில் ஐந்து கிலோ குறைத்துச் சொன்னவர் வண்டியில் ஷாக் எளிதில் கடைசி வரை அழுந்தி இடிக்கும்.

இப்போது ஓட்டும் வண்டியின் அளவுகளையும், அதில் எங்கே வலிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். நான் அனுப்பியதில் அதிகம் பயன்பட்டது அந்த ஒரு பத்திதான் என்று செய்தவரே சொன்னார்.

4. வரைபடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். அளவுகள் போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று வாரங்களில் உங்களுக்கு ஒரு வரைபடம் வரும். கோணங்களும் நீளங்களும் நிறைந்த ஒரே ஒரு பக்கம். "சரி" என்று கையெழுத்திட்டு அனுப்பியதும் குழாய் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். டைட்டானியத்தைப் பிறகு நீட்டவோ வளைக்கவோ எளிதில் முடியாது. நான் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் பார்த்து, அலுவலக இடைவேளையில் ஒப்புதல் அனுப்பிவிட்டேன். மூன்று மாதங்கள் போனது அங்கேதான்.

நடந்தது இது. என்னிடம் டிராப்பர் சீட் போஸ்ட் இருந்தது, அதாவது ஓட்டும்போதே சீட்டை 150 மி.மீ. இறக்கவும் ஏற்றவும் முடிகிற தண்டு. அது சீட் குழாய்க்குள் 240 மி.மீ. இறங்க வேண்டும். வரைபடத்தில் இருந்த இடம் 200 மி.மீ. மட்டுமே. சாஃப்ட்டெயிலில் ஷாக் தாங்கி சீட் குழாயின் மேற்பகுதியில் பற்றவைக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் குழாயின் உட்புறம் லேசாகக் கோணும். அதனால் உள்ளே கடைந்து சரிசெய்ய வேண்டும், கடையும் கருவி எட்டும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. போதாததற்குத் தண்ணீர்ப் புட்டி மாட்டும் மரைத் துண்டுகள் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து போஸ்ட்டின் வழியை மறித்தன. நான் கண்டுபிடித்துச் சொன்னபோது குழாயில் வேலை தொடங்கியிருந்தது. புதுக் குழாய்க்கு 180 டாலர். வரிசையில் என் இடமும் பின்னால் போய்விட்டது.

ஆகவே வரைபடத்தைத் தாளில் அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சீட் போஸ்ட் எத்தனை மி.மீ. உள்ளே போகும்? குழாயின் உள்விட்டம் 30.9ஆ, 31.6ஆ? எண்ணை வரைபடத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோணங்கள் முன் ஃபோர்க் அமிழ்ந்த நிலையில் போட்டவையா, அமிழாத நிலையிலா? 120 மி.மீ. ஃபோர்க் நீங்கள் உட்கார்ந்ததும் 25 முதல் 30 மி.மீ. அமிழும். ஃபோர்க் நீளம் 20 மி.மீ. மாறினால் ஹெட் கோணம், அதாவது ஃபோர்க்கைத் தாங்கும் ஹெட் குழாயின் சாய்வு, ஏறக்குறைய ஒரு பாகை மாறும். 67 பாகை என்று படத்தில் பார்த்து மகிழ்கிறீர்கள், ஓட்டும்போது அது 68க்கு மேல் போகலாம். இரண்டு நிலைகளையும் போட்டுத் தரச் சொல்வது நல்லது. சாஃப்ட்டெயிலில் பின்பக்கமும் சில மில்லிமீட்டர் இறங்கும் என்பதால் நீங்கள் உட்கார்ந்த நிலையில் பெடல் அச்சின் உயரம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

ஷாக் முழுவதும் அழுந்தியபோது டயருக்கும் சீட் குழாய்க்கும், டயருக்கும் இரண்டு சீட்ஸ்டேக்களை இணைக்கும் பாலத்துக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சும்? என்னைப் போல உயரம் குறைந்தவர்களுக்கு இது உயிர்நாடியான கேள்வி. சின்ன ஃபிரேமில் 29 அங்குலச் சக்கரம், அதற்கு மேல் ஷாக், அதற்கு மேல் சீட் என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சேற்றுக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறு மி.மீ. வேண்டும் என்று நான் கேட்டு வாங்கினேன்.

செயின்ஸ்டே நீளம் எவ்வளவு? குட்டையாக இருந்தால் வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இங்கே வளைய வேண்டியதே அந்தக் குழாய். நீளம் குறையக் குறைய விறைப்பு அதைவிட வேகமாகக் கூடும். பத்து மி.மீ. குறைத்தாலே வித்தியாசம் தெரியும். எனக்கு 435 மி.மீ. போட்டார்கள். 425 கேட்டு அடம்பிடித்திருந்தால் பின்பகுதி இன்னும் விறைப்பாகியிருக்கும். இதில் செய்பவர் சொல்வதைக் கேளுங்கள்.

முன் பல்சக்கரம் எத்தனை பல் வரை போகும்? செயின்ஸ்டே சில ஃபிரேம்களில் பெடல் அச்சருகே தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். 34 பல் உரசலாம், 32 போகலாம். பயன்படுத்தப்போகும் கிராங்க்கின் (பெடல் கையின்) பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

பின் பிரேக் குழாயும் கியர் கேபிளும் எந்த வழியாகப் போகின்றன? வெளியே போவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உள்ளே நுழைத்தால் பார்க்க அழகு. ஆனால் வளைந்துகொண்டே இருக்கும் குழாய்க்குள் கேபிளும் அசைந்துகொண்டே இருக்கும்.

திருத்தங்கள் முடிந்து வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். கடைசி எண் எது என்பதை மின்னஞ்சலில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரு வாரம் பிடித்தாலும் பரவாயில்லை.

5. பணமும் தாள்களும்

நான் கொடுத்தது: ஃபிரேம் 4,900, தனி அளவுக்கு 400, சாஃப்ட்டெயில் பின்பகுதிக்கு 800, எழுத்துகளுக்கு அனோடைஸ் நிறம் (மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் நிறம்) 250. கூட்டினால் 6,350 டாலர். விற்பனை வரி 508. கொலராடோ மாநில வரி 2.9 விழுக்காடுதான், ஆனால் மாவட்ட, நகர வரிகள் சேரும்போது எட்டு ஒன்பது விழுக்காடு ஆகிவிடும். விலை கேட்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை. நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாகங்களுக்கு வரியோடு 4,900: ஃபோர்க் 1,000, சக்கரங்கள் 1,300, டயர் 150, கியர் தொகுதி 1,100, பிரேக் 420, டிராப்பர் 240, ஹெட்செட்டும் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) பாட்டம் பிராக்கெட்டும் (பெடல் அச்சின் பேரிங்) 260, சீட், ஹேண்டில்பார், பெடல் முதலியவை 430. மொத்தம் 11,758 டாலர். இதில் வீணாக்கிய அறுநூறு சேரவில்லை.

முன்பணம் ஆயிரம் டாலர். வரைபடம் ஒப்புதலானதும் பாதி, அனுப்பும் முன் மீதி. முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். மூன்று விழுக்காடு கட்டணம் கேட்டாலும் கட்டுங்கள். பட்டறை மூடப்பட்டால் முறையிட ஓர் இடம் இருக்கும். முன்பணம் எந்தக் கட்டம் வரை திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். என் ஒப்பந்தத்தில் வரைபட ஒப்புதலுக்குப் பின் திரும்பாது என்று சிறிய எழுத்தில் இருந்தது. அது நியாயம்தான், ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டியவை: அளவுப் படிவத்தின் நகல், ஒப்புதலான கடைசி வரைபடம், ஒப்பந்தம், ஃபிரேம் எண் குறித்த ரசீது, உத்தரவாதத் தாள், ஸ்பிரிங் வகையும் ஷாக் அளவும் குறித்த சீட்டு. உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டுமே என்பதால் ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மனைவியின் கார்டில் கட்டினாலும் பெயரைச் சரிபாருங்கள்.

வீட்டுக் காப்பீட்டில் சைக்கிள் திருட்டு அடங்குமா, எவ்வளவு வரை, நாம் ஏற்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பன்னிரண்டாயிரம் டாலர் வண்டிக்குத் தனி சைக்கிள் காப்பீடு தேவைப்படலாம். அவர்கள் ரசீதும் ஃபிரேம் எண்ணின் படமும் கேட்பார்கள். பைக் இண்டெக்ஸ் என்ற இலவசப் பதிவேட்டில் எண்ணை ஏற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

6. பாகங்களை எப்போது வாங்குவது?

வரைபடம் ஒப்புதலாகும் வரை ஒரு பாகமும் வாங்காதீர்கள். எந்தப் பாகம் என்பதை மட்டும் அதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சக்கர ஜோடி ஒன்றை முதல் மாதமே வாங்கினேன். பின் ஹப்பின் அகலம் 142 மி.மீ. ஃபிரேமோ இன்றைய வழக்கப்படி 148 மி.மீ. விற்றதில் முந்நூறு டாலர் நட்டம். சீட் போஸ்ட்டையும் மாற்றியதில் இன்னொரு 120.

பின் கியர் மாற்றியைப் பிடித்திருக்கும் துண்டு கியர் தாங்கி. ஃபிரேமில் யூடிஎச் என்னும் பொதுவான தாங்கி பொருந்துமாறு கேளுங்கள். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த அளவு இது. இன்று பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கீழே விழுந்து தாங்கி வளைந்தால் எந்த ஊர்க் கடையிலும் மாற்று கிடைக்கும். தாங்கியே இல்லாமல் ஃபிரேமில் நேராக மாட்டும் ஸ்ராமின் புதிய டிரான்ஸ்மிஷன் வகைக்கும் இந்த அளவு கட்டாயம். பெடல் அச்சுக்கு மரை வைத்த பிஎஸ்ஏ 73 மி.மீ. அளவைக் கேளுங்கள். அழுத்திச் செருகும் வகை வேண்டாம்.

7. எப்போது தொடங்குவது?

அளவும் வரைபடமும் ஐந்தாறு வாரம். வரிசையில் காத்திருப்பு நான்கைந்து மாதம். வெட்டுவது, பற்றவைப்பது, கடைவது ஆறு வாரம். மெருகும் நிறமும் இரண்டு வாரம். இங்கே உயரமான பாதைகளில் பனி உருகவே ஜூன் ஆகிவிடும். ஆகஸ்ட் கடைசியில் முன்பணம் கட்டினால் மே மாதம் ஃபிரேம் கையில் இருக்கும். நான் கட்டிய நவம்பர் தாமதம். வசந்தத்தில் தொடங்குவது இன்னும் மோசம். எல்லோருக்கும் சைக்கிள் நினைவு வருவது அப்போதுதான்.

காத்திருக்கும் மாதங்களில் வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பித் தொல்லை தராதீர்கள். மாதம் ஒன்று போதும். பற்றவைப்பு முடிந்ததும், மெருகேற்றும் முன், மூட்டுகளின் படம் அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

8. ஃபிரேம் வந்ததும்

பெட்டியைத் திறக்கும்போதே படமெடுங்கள். வழியில் அடிபட்டிருந்தால் அனுப்பிய நிறுவனத்திடம் கேட்க அதுதான் சாட்சி.

பிறகு நல்ல வெளிச்சத்தில் மூட்டுகளைப் பாருங்கள். சூடேறிய டைட்டானியம் காற்றைத் தொட்டால் கெட்டுவிடும். அதனால் வெளியேயும் குழாய்க்குள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்பிப் பற்றவைக்கிறார்கள். நல்ல மூட்டு மீன் செதில் அடுக்கியது போலச் சீராக, வெள்ளியாகவோ இளம் வைக்கோல் நிறத்திலோ இருக்கும். அடர்நீலமும் ஊதாவும் தெரிந்தால் விளக்கம் கேளுங்கள். சாம்பல் நிறமோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் ஏற்காதீர்கள். வெளிப்புறத்தை மெருகேற்றி மறைத்துவிடலாம், உட்புறத்தை முடியாது. சிறு விளக்கை ஹெட் குழாய்க்குள்ளும் பாட்டம் பிராக்கெட் ஓட்டைக்குள்ளும் விட்டுப் பாருங்கள். என் ஃபிரேமில் விளக்கை விட்டபோது, உள்ளே மூட்டின் பின்புறம் புதுக் கரண்டி போல மின்னியது. பதினோரு மாதங்களில் எனக்கு நிம்மதி வந்தது அந்த நொடியில்.

அடுத்து, ஷாக்கைக் கழற்றிவிட்டு (செய்தவரிடம் முறையைக் கேட்டுக்கொண்டு) சக்கரத்தையும் நீங்கள் ஓட்டப்போகும் டயரையும் மாட்டி, பின்பகுதியை முழு எல்லை வரை தள்ளிப் பாருங்கள். எங்கும் உரசக் கூடாது. பாகங்கள் எல்லாம் பூட்டிய பிறகு தெரிந்தால் மனம் நொந்துவிடும்.

9. பூட்டுவது

நீங்களே பூட்டலாம். ஆனால் ஹெட் குழாயின் விளிம்பு, பாட்டம் பிராக்கெட் மரை, பிரேக் தாங்கி ஆகியவற்றின் முகம் சமமாக இருக்கிறதா என்பதை ஒரு நல்ல கடையில் பார்த்துவிடுங்கள். எனக்குத் தொண்ணூறு டாலர் ஆயிற்று, கொடுத்தது தகும்.

டைட்டானியம் மரையில் வெறுமனே எதையும் திருகாதீர்கள். உலோகம் உலோகத்தோடு கவ்விக்கொண்டு இரண்டும் பிய்ந்து வரும். சாதாரண கிரீஸ் போதாது. செம்புத் துகள் கலந்த, கவ்வாமல் தடுக்கும் பசையைத் தாராளமாகத் தடவுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் செயின் பக்கம் இடமுறுக்கு மரை. கையால் மூன்று சுற்றாவது எளிதாகப் போனால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். சீட் போஸ்ட் கார்பனாக இருந்தால் கிரீஸ் கூடாது, கார்பனுக்கான பிடிப்புப் பசை போடுங்கள். முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர் இல்லாமல் தொடங்காதீர்கள். யூடிஎச் தாங்கிக்கு 25 நியூட்டன் மீட்டர், ஹேண்டில்பார் தண்டின் போல்ட்டுகளுக்கு ஐந்தாறு. மற்றவற்றுக்குப் பாகத்தின் மேலேயே எழுதியிருக்கும்.

ஷாக்கைத் தாண்டிப் போகும் கேபிளுக்கும் பிரேக் குழாய்க்கும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். பின்பகுதியைக் கையால் அழுத்தியபடி, இழுபடுகிறதா என்று பார்த்த பிறகே நீளத்தை வெட்டுங்கள். அசையும் பகுதியையும் அசையாத பகுதியையும் ஒரே பிளாஸ்டிக் கட்டால் சேர்த்துக் கட்டக் கூடாது.

நெடும்பயணம் போகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். டென்வரிலிருந்து டுராங்கோ வரையான கொலராடோ டிரெயிலுக்குப் போகும் ஆசை இந்த வண்டியை வாங்குகிற பலருக்கும் உண்டு. பின்சக்கரத்தின் மேல் கேரியர் மாட்டி, அதன் கீழ்க்கால்களை டிராப்அவுட்டிலும் மேற்பகுதியைச் சீட் குழாயிலும் முடுக்கினால் ஷாக் வேலை செய்யாது. கேரியரே முட்டுக்கொடுத்துவிடும், போல்ட்டுகளும் உடையும். சீட்டுக்குக் கீழே தொங்கும் பையைப் போடுங்கள். அதிலும் டயர் மேலே வரும் அந்த ஓரங்குலத்துக்கு இடம் விட்டுக் கட்டுங்கள்.

10. முதல் 200 கிலோமீட்டர்

முதல் சவாரிக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை. கிறீச்சிடும் சத்தம் வந்தால் உடனே ஃபிரேமைச் சந்தேகிக்காதீர்கள். சீட் போஸ்ட், பெடல், கியர் தாங்கி, ஷாக்கின் மேல் போல்ட் என்ற வரிசையில் தேடுங்கள். என்னுடையது சீட் போஸ்ட்டில்தான் இருந்தது. செயின்ஸ்டே பாட்டம் பிராக்கெட்டைச் சந்திக்கும் இடத்தை மாதம் ஒருமுறை துடைத்து, நகத்தால் தடவிப் பாருங்கள். விரிசல் கண்ணுக்குப் படும் முன் நகத்துக்குப் படும்.

ஸ்பிரிங் சரியா என்று தெரிந்துகொள்ள ஷாக் தண்டில் துளி கிரீஸைச் சுற்றிலும் மெல்லியதாகத் தடவிவிட்டு, வழக்கமான பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். எவ்வளவு அழுந்தியது என்பதை அந்தக் கறை சொல்லும். பாதிக்கும் குறைவாக அழுந்தியிருந்தால் ஸ்பிரிங் கடினம். கடைசி வரை கறை துடைத்துப் போயிருந்து, ஓட்டும்போது இடித்ததும் நினைவிருந்தால் மென்மை. எனக்கு முதலில் வந்த ஸ்பிரிங் பன்னிரண்டு மி.மீ. மட்டுமே விட்டுக்கொடுத்தது. செய்தவரிடம் படத்தோடு எழுதினேன். ஒரு படி மென்மையானதை நாற்பது டாலருக்கு அனுப்பினார், மாற்ற இருபது நிமிடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஃபலோ கிரீக்கில் அதே ஏற்றம், அதே வேர்கள். திரும்பி வந்து பார்த்தபோது கறை இருபத்தாறு மி.மீ. வரை துடைத்திருந்தது, நான் ஒரு முறைகூடச் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.